சட்டிமலை வந்துகொண்டிருக்கிறது

கொடுக்காப்பட்டி விலக்கில் நின்றுகொண்டு, நாற்கரச் சாலையில் பறக்கிற வண்டிகளின் வேகத்தை அளக்கும் வேலையில் இருந்த ஏட்டு சந்தியாகுதான், சாலைக்கு மேற்கே காலகாலமாக உட்கார்ந்திருக்கும் சட்டிமலை, மணிக்கு நாலு கிலோமீட்டர் வேகத்தில் ரோட்டைப் பார்த்து வந்துகொண்டிருக்கிறது என்பதை முதன்முதலில் கண்டவர். கண்டவர் பதறவில்லை. கையிலிருந்த டீயைக் குடித்து முடித்து, கிளாஸைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, ரேடாரைத் தூக்கி இரண்டாம் தடவையும் பார்த்தார். இரண்டாம் தடவையும் நாலு என்றே காட்டியது.

மலையைப் போய் யாராவது வேகம் பார்ப்பார்களா என்றால், சந்தியாகு பார்ப்பார். ரேடாரைக் கையில் கொடுத்து அனுப்பும்போது பயிற்சியில் மூன்று சோதனை சொல்லியிருந்தார்கள். முதலாவது, பொத்தானை அமுக்கினால் திரையில் வரிசையாக எட்டு எட்டாக எரிய வேண்டும். இரண்டாவது, கூடவே கொடுத்த இசைக்கவையை, அதுதான் பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருக்குமே அந்த இரட்டைக்கால் இரும்பு, அதை மரத்தில் தட்டி, அது அதிர்ந்துகொண்டிருக்கும்போதே ரேடாரின் வாய்க்கு நேரே பிடித்தால் ஐம்பத்தைந்து காட்ட வேண்டும். மூன்றாவது, அசையாத பொருள் ஒன்றைக் குறிபார்த்தால் ஒன்றுமே காட்டக் கூடாது. மற்ற இடங்களில் நிற்கிற போலீஸ்காரர்கள் முதலாவதைச் செய்துவிட்டு மற்ற இரண்டையும் செய்ததாக வைத்துக்கொள்வார்கள். சந்தியாகு ஜெபமாலையில் ஒரு மணியைக்கூடத் தாண்டிப் போகாத ஆள். தினமும் காலையில் டீக்கடைப் பெஞ்சில் கவையைத் தட்டுவார், ஐம்பத்தைந்து வந்ததும் தலையை ஆட்டிக்கொள்வார், அப்புறம் அசையாத பொருளைத் தேடுவார். மைல்கல்லை லாரிக்காரன் இடித்துச் சாய்த்துவிடுகிறான், மரம் காற்றில் ஆடுகிறது, கரண்டு கம்பம் தானாகவே ஆடுகிறது. மலைமேல் யாருக்குச் சந்தேகம் வரும் என்று நினைத்துத்தான் அவர் மலையைத் தேர்ந்தெடுத்தார்.

“என்னண்ணே காட்டுது?” என்று டீக்கடைக்காரன் காளிராசு, பாய்லருக்குப் பின்னாலிருந்து கேட்டான்.

“நாலு.”

“எது?”

“மலை.”

காளிராசு கண்ணுக்கு மேல் கையை வைத்து மலையைப் பார்த்தான். கவிழ்த்து வைத்த சட்டியாக அது எப்போதும்போல இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. “வரட்டும்ணே, வந்தா சாயங்காலத்துல நெழலாச்சும் கெடைக்கும்” என்று சொல்லிவிட்டு அடுத்த டீயை ஆற்றப் போனான்.

அன்று மதியத்துக்குள் ஊர் முழுக்கச் செய்தி போய்விட்டது. ஒவ்வொருவராக வந்து, ரேடாரின் பின்பக்கம் கண்ணை வைத்துப் பார்த்து, நாலு என்ற எண்ணையும் அதன் பக்கத்தில் இந்தப் பக்கமாகத் திரும்பியிருந்த அம்புக்குறியையும் பார்த்து, சரிதான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நாலு கிலோமீட்டர் வேகத்தில் வருகிற மலை அரைமணி நேரத்தில் ரோட்டுக்கு வந்திருக்க வேண்டுமே, ஏன் வரவில்லை என்று சந்தியாகு மட்டும்தான் தலையைச் சொறிந்தார். அவர் வெளியூர்க்காரர், அவருக்கு ஊர் நடப்பு தெரியாது. கொடுக்காப்பட்டிக்கு எத்தனையோ வந்துகொண்டிருந்தன. ஆற்றுக் குடிநீர் வந்துகொண்டிருந்தது, அதற்குப் போட்ட குழாய்களில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வந்துகொண்டிருந்தது, அதற்கு நாட்டிய அடிக்கல்லில் பெண்கள் மிளகாய் காயப்போட்டார்கள். ரோட்டைக் கடக்க வெள்ளைக்கோடும் விளக்கும் வேண்டுமென்று ஊரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனுவுக்கு, அதுவும் வந்துகொண்டிருக்கிறது என்றுதான் ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னார்கள். இதெல்லாம் போகட்டும், அந்த ஊரில் யாருக்குப் போன் போட்டாலும், தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கூட “வந்துக்கிட்டே இருக்கேன்” என்றுதான் சொல்வார். அப்படியிருக்க, மலை கிளம்பிவிட்டது, ஆனால் வந்து சேரவில்லை என்பதில் ஊருக்குப் புரியாமல் போக என்ன இருக்கிறது.

அந்த ஊரிலேயே வந்துக்கிட்டே இருக்கேன் என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே வருகிற ஒரே ஆள் காளிராசுதான். விடியற்காலையில் மேற்குப் பக்கத்துத் தொழுவங்களில் பால் வாங்கப் போகிறவனுக்கு, அவன் பெண்டாட்டி மாரிக்கண்ணு கடையிலிருந்து போன் போட்டால், அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லி முடிப்பதற்குள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவன் செருப்புச் சத்தம் கேட்டுவிடும். “எங்க வீட்டுக்காரருக்குப் பொய் சொல்லக்கூடத் துப்பில்லண்ணே” என்று மாரிக்கண்ணு சந்தியாகுவிடம் சொல்லிச் சிரிப்பாள், சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை இருக்கும்.

மலை வருகிற செய்தியை ஊர் தன் போக்கில் வாங்கி வைத்துக்கொண்டது. மனை புரோக்கர் ஒருவர், ‘பேருந்து நிறுத்தம் அருகில், மலை மிக விரைவில்’ என்று போர்டு எழுதி நட்டார், அதைப் பார்த்து மதுரையிலிருந்துகூட இரண்டு பேர் வந்து விலை கேட்டார்கள். ஆடு மேய்க்கிற பூவாத்தாள், இது எங்க ஆடுகளுக்கு முன்னாடியே தெரியும், ரெண்டு வருசமா மலைக்கு முன்னால படுக்கவே மாட்டேங்குதுக என்றாள். கல்யாணப் பத்திரிகை ஒன்றில் வழி சொல்லும்போது, மலை தற்சமயம் இருக்கும் இடத்துக்கு நேர் கிழக்கே என்று அச்சடித்தார்கள். எதற்காக மலை கிளம்பியது என்று யாரும் பெரிதாக ஆராயவில்லை. மலையின் பின்பக்கத்தில், ரோட்டிலிருந்து தெரியாத பக்கத்தில், சொர்ணவேல் முதலாளியின் குவாரி இருந்தது. பகலெல்லாம் வெடி வைத்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். முதுகில் இப்படி அடித்தால் யார்தான் இருந்த இடத்திலேயே இருப்பார்கள் என்று ஊரில் நினைத்தார்கள், அதை வெளியே சொல்லவேண்டிய அவசியம் வரவில்லை.

சந்தியாகு மட்டும் முறைப்படி தன் இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொன்னார். இன்ஸ்பெக்டர் நீண்ட நேரம் யோசித்து, நாற்பது கிலோமீட்டர் எல்லைக்குள் நாலில் வருவது குற்றம் இல்லை, மலைக்கு நம்பர் பிளேட்டும் இல்லை, அதனால் காவல்துறை செய்ய ஒன்றும் இல்லை என்று முடிவு சொன்னார். ஆனாலும் மனது கேட்காமல் ரேடாரை நகரத்துச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பி வைத்தார். அங்கே அதைப் பிரித்து மாட்டி, கவை தட்டி, ஜீப்பை முப்பதில் ஓட்டி, ஐம்பதில் ஓட்டி, எண்பதில் ஓட்டி, ஒவ்வொன்றுக்கும் அச்சு அசலாக அதே வேகத்தைக் காட்டுகிறது, குறை ஏதும் இல்லை என்று முத்திரை வைத்து அனுப்பினார்கள். சோதனைக் கூடத்தில் மலை இல்லை. திரும்பி வந்த அன்று காலையில் சந்தியாகு பெஞ்சில் கவையைத் தட்டினார், ஐம்பத்தைந்து வந்தது, மலையைக் குறிபார்த்தார், நாலு வந்தது. “நல்லா இருக்குன்னுட்டாங்களா?” என்றான் காளிராசு. “நல்லா இருக்காம்” என்றார் சந்தியாகு. அதன் பிறகு அவர் அதைப்பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டார்.

பங்குனி மாதத்தில் ஒரு விடியற்காலை, சந்தியாகு வழக்கமான மூன்று சோதனையையும் முடித்துவிட்டு ரேடாரை வடக்கே திருப்பிப் பிடித்திருந்தபோது, கடையில் பால் தீர்ந்துபோய் மாரிக்கண்ணு புருஷனுக்குப் போன் போட்டாள். “வந்துக்கிட்டே இருக்கேன்” என்றான் காளிராசு. சொன்னபடியே வந்தான். வெள்ளைக்கோடு இல்லாத அந்த இடத்தில், இரண்டு கையிலும் பால் தூக்கோடு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் ரோட்டில் கால் வைத்தான். வடக்கேயிருந்து சொர்ணவேல் முதலாளி தானே ஓட்டி வந்த வெள்ளைக் காரைச் சந்தியாகுவின் ரேடார் பிடித்தது. நூற்றுப் பதினேழு என்று காட்டியது. சந்தியாகு விசிலை வாயில் வைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பால் ரோட்டின் அந்த ஓரம்வரைக்கும் ஓடியது. மாரிக்கண்ணு ஓடிவந்தபோது அவளுடைய போனில் அழைப்பு இன்னும் துண்டிக்கப்படாமல் இருந்தது.

சொர்ணவேல், நான் நாற்பதில்தான் வந்தேன், அந்த ஆள்தான் குறுக்கே பாய்ந்தான் என்றார். நான் பார்த்தேன் என்று அவருக்காகச் சாட்சி சொல்ல நாலு பேரும் கிடைத்தார்கள். எதிர்ப்பக்கத்தில் இருந்தது ரேடார் காட்டிய நூற்றுப் பதினேழு மட்டும்தான். கேஸ் நடுவர் நீதிமன்றத்துக்குப் போனது, வாய்தாவுக்குமேல் வாய்தாவாக நடந்தது. மாரிக்கண்ணு பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே கடையைத் திறந்துவிட்டாள். தினமும் காலையில் சந்தியாகுவுக்கு டீ வைக்கும்போது ஒன்றே ஒன்று கேட்பாள்.

“கேசு என்னண்ணே ஆச்சு?”

“வந்துக்கிட்டிருக்கும்மா” என்பார் சந்தியாகு. சொல்லி முடித்ததும் அவருக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றும்.

கடைசியில் சந்தியாகுவின் சாட்சி வந்தது. சொர்ணவேலின் வக்கீல் தெய்வநாயகம் சத்தம் போடாத மனிதர். பக்கத்து வீட்டுக்காரரிடம் சௌக்கியம் விசாரிப்பவர் போல ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். அன்றைக்கு ரேடாரைச் சோதித்தீர்களா? சோதித்தேன். கவை என்ன காட்டியது? ஐம்பத்தைந்து. மிக நன்று. அசையாத பொருள் என்று எதைக் குறிபார்த்தீர்கள்?

“சட்டிமலையைங்க ஐயா.”

“அது என்ன காட்டியது?”

சந்தியாகு அரசு வக்கீலைப் பார்த்தார், அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் மாரிக்கண்ணு முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் காட்டவில்லை என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் கூண்டில் ஏறும்போது சத்தியம் செய்திருந்தார், அதை அவர் வெறும் வாய் வார்த்தையாகச் செய்திருக்கவில்லை.

“நாலுங்க.”

“மலை நடக்கிறதா ஏட்டையா?”

“நடக்குதுங்க. வந்துக்கிட்டிருக்கு.”

“வந்து சேர்ந்ததா?”

“இன்னும் இல்லைங்க.”

நீதிமன்றம் சிரித்தது. தெய்வநாயகம் சிரிக்கவில்லை. நின்றுகொண்டிருக்கிற மலையை நடக்கிறது என்று சொல்லும் கருவி, நாற்பதில் வந்தவரை நூற்றுப் பதினேழு என்று சொன்னதில் வியப்பில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். புதிதாக மாற்றலாகி வந்திருந்த நடுவர் அம்மாவும் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்து, “அந்த மலைய நான் நேர்ல பாக்கணும். அடுத்த வாய்தா அங்கேயே” என்றார்.

அன்று மதியம் சந்தியாகு கடைக்கு வந்தபோது மாரிக்கண்ணு டீ வைக்கவில்லை.

“ஒரு பொய் சொல்லிருக்கலாம்லண்ணே” என்றாள்.

“சொல்லிருக்கலாம்மா.”

“அவருக்காகச் சொல்லிருக்கலாம்ல.”

காளிராசு சந்தியாகுவுக்குத் தம்பி மாதிரி. அவனுக்காகப் பொய் சொல்ல முடியவில்லை என்பதை நினைக்க நினைக்க அவருக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. “எனக்கு வரல, மாரிக்கண்ணு. மலை நெசமாவே வருதே, நான் என்ன செய்ய” என்றார்.

மாரிக்கண்ணு அடுப்பை அணைத்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டாள். வண்டி இல்லாத நேரம் பார்த்து ரோட்டைக் கடந்து, மேய்ச்சல் புறம்போக்கு வழியாக, உச்சி வெயிலில், மலையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். சந்தியாகு ரேடாரையும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். பூவாத்தாளும் ஆடுகளும் அவர் பின்னால் போனார்கள். மலையடிவாரத்தில் போய் நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, வீட்டு விசேஷத்துக்கு வராமல் சாக்குச் சொல்கிற தாய்மாமனைத் திட்டுவதுபோல, மாரிக்கண்ணு மலையைத் திட்டினாள்.

“ஏய், இங்க பாரு. வர்றதுன்னா வா. வரலன்னா வரலன்னு சொல்லு. ரெண்டும் இல்லாம, வர்றேன் வர்றேன்னு ஊரையே ஏமாத்திக்கிட்டு, இம்மாம் பெரிய ஒடம்ப வச்சுக்கிட்டு இப்படி ஒக்காந்திருக்கியே, ஒனக்கு வெக்கமா இல்ல? எம்புருசன் வர்றேன்னு சொன்னாரு. சொன்ன சொல்லு தரையில விழல, கெளம்பி வந்தாரு. பாதி ரோட்டுல அடிச்சுப் போட்டுட்டான். அவர அடிச்சவனும் உன் முதுகுல வெடி வைக்கிறவனும் ஒரே ஆளுதான், அது ஒனக்குத் தெரியுமா தெரியாதா? தெரிஞ்சும் ஊமையாட்டம் இருக்க. உன்னால எங்க அண்ணன் கோர்ட்டுல பைத்தியக்காரப் பட்டம் வாங்கிட்டு வந்திருக்காரு. அடுத்த வாய்தாவுக்கு அந்த அம்மா உன்னப் பாக்க வருது. அதுக்குள்ள வந்து சேரு. இல்லன்னா இனிமே இந்தப் பக்கமே நீ வரவேண்டாம்.”

சொல்லிவிட்டு, மலையடிவாரத்துப் பாறையில் உட்கார்ந்து அழுதாள். காளிராசு இறந்த நாளிலிருந்து அவள் அப்படி அழுது யாரும் பார்த்ததில்லை. ஆடுகள்கூட மேயாமல் நின்றன. அவள் அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு எழுந்த பிறகு, சந்தியாகு கூச்சத்தோடு ரேடாரைத் தூக்கி மலையைப் பார்த்தார்.

“என்ன காட்டுது?” என்றாள் பூவாத்தாள்.

“ஆறு” என்றார் சந்தியாகு.

அதற்கப்புறம் ஒவ்வொரு காலையும் எண் ஏறியது. ஊர் அதையும் தன் போக்கில் வாங்கி வைத்துக்கொண்டது. புறம்போக்கில் படப்பு போட்டிருந்தவர்கள் வைக்கோலைச் சாலைக்குக் கிழக்கே கொண்டுவந்து போட்டார்கள். மேற்குத் தொழுவக்காரர்கள், விருந்தாளிக்கு இடம் விடுவதுபோல மாடுகளைத் தள்ளிக் கட்டினார்கள். மனை புரோக்கர் தன் போர்டில் ‘மிக விரைவில்’ என்பதை அழித்துவிட்டு ‘இன்றோ நாளையோ’ என்று எழுதினார்.

வாய்தா நாள் காலையில் ஊர் எழுந்து பல் விளக்க வந்தபோது மலை வந்திருந்தது. நடந்து வந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய சொந்தக்காரர்போல, அது பாட்டுக்கு மேய்ச்சல் புறம்போக்கில், ரோட்டின் ஓரக்கோட்டுக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்தது. ரோட்டைத் தாண்டவில்லை. தாண்டுவதற்கு அங்கே வெள்ளைக்கோடு இல்லை. “வந்துருச்சா” என்று கேட்டவர்களுக்கு, “ம், வந்துருச்சு” என்று பல்குச்சியை எடுக்காமலே மற்றவர்கள் பதில் சொன்னார்கள். பூவாத்தாளின் ஆடுகள் ஏற்கெனவே பாதி மலை ஏறியிருந்தன.

நடுவர் அம்மா வந்தது பிற்பகலில். மேற்கே சாயத் தொடங்கிய வெயிலில், மலையின் நிழல் ரோட்டைத் தாண்டி டீக்கடைவரைக்கும் நீண்டிருந்தது. சொர்ணவேலும் தெய்வநாயகமும் ஒரே காரில் வந்தார்கள். சொர்ணவேல் காரைவிட்டு இறங்கி மலையைப் பார்த்தவர் பார்த்தபடி நின்றார். தெய்வநாயகம் அவர் காதில் ஏதோ சொல்லி, கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

சந்தியாகு சோதனையைத் தொடங்கினார். எட்டுகள் எரிந்தன. மாரிக்கண்ணுவின் பெஞ்சில் கவையைத் தட்டிப் பிடித்தார், ஐம்பத்தைந்து. நடுவர் அம்மா தானே எட்டிப் பார்த்துச் சரி என்றார். அப்புறம் மலையைக் குறிபார்த்தார். திரையில் ஒன்றும் வரவில்லை.

“ஒண்ணும் காட்டலைங்கம்மா. வந்துருச்சுல்ல, இனி எதுக்கு நடக்கணும்” என்றார் சந்தியாகு.

தெய்வநாயகம் இதற்காகவே காத்திருந்தவர். அன்று நாலு காட்டிய கருவி இன்று ஒன்றும் காட்டவில்லை, இது நினைத்ததைச் சொல்லும் கருவி என்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்றார். மலை முன்பு தூரத்தில் இருந்தது, இப்போதுதான் இங்கே வந்தது என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள், இறந்தவர் அவர்கள் ஊர்க்காரர், அவர்கள் எதையும் சொல்வார்கள். தாங்கள் இந்த இடத்துக்கு இன்றுதான் வருகிறீர்கள். இந்த மலை எப்போதும் இங்கேதான் இருந்தது, இருக்கிறது, ஒரு அங்குலம்கூட நகரவில்லை என்று நிதானமாகச் சொன்னார். மாரிக்கண்ணு பாய்லரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், சூடு கையில் ஏறியது அவளுக்குத் தெரியவில்லை. தான் கூப்பிட்டு வந்த மலையே தன் புருஷன் கேஸைக் கெடுத்துவிட்டது என்று அவளுக்குப் பட்டது.

நடுவர் அம்மா, கூட வந்திருந்த கிராம நிர்வாக அலுவலரிடம் திரும்பி, மலை நிற்கிற நிலம் யாருடையது என்று கேட்டார். மேய்ச்சல் புறம்போக்குங்க, ஊருக்குப் பொது என்றார் அவர். குவாரிக் குத்தகை எந்த நிலத்துக்கு என்று கேட்டார். இங்கிருந்து மேற்கே ரெண்டு கிலோமீட்டருங்க, இப்ப அங்க வெறும் செம்மண் தரைதான் இருக்கு என்றார்.

“அப்ப இந்த மலை எப்பவும் இங்கதான் இருந்துச்சுன்னா, இதுல ஒரு கல்லைக்கூட உங்க கட்சிக்காரர் தொட்டிருக்கக் கூடாது, இனிமேலும் தொட முடியாது. அப்படித்தானே?” என்று நடுவர் அம்மா தெய்வநாயகத்தைக் கேட்டார்.

தெய்வநாயகம் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் சொர்ணவேல் முந்திக்கொண்டார். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது.

“அது எம்மலைங்கம்மா. நேத்து சாயங்காலம் வரைக்கும் என் குத்தகை நெலத்துலதான் இருந்துச்சு, எம்மிஷினெல்லாம் இன்னும் அங்கதான் நிக்குது. பின்னால போய்ப் பாருங்க, நான் ஒடைச்ச தடம் அப்படியே இருக்கும். ராவோட ராவா நடந்து வந்து புறம்போக்குல நின்னுக்கிட்டா ஊருக்குச் சொந்தமாயிருமா?”

தெய்வநாயகம் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். சொர்ணவேல் கையை உதறினார்.

“நடந்து வந்துச்சுன்னு சொல்றீங்க” என்றார் நடுவர் அம்மா.

“நடந்துதாங்கம்மா வந்துச்சு. மாசக்கணக்கா வந்துக்கிட்டிருந்துச்சு, ஊருக்கே தெரியும்.”

நடுவர் அம்மா எழுத்தரைப் பார்த்தார், எழுத்தர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். தெய்வநாயகம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை. நடுவர் அம்மா டீக்கடைப் பெஞ்சில் மலையின் நிழலில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, மலை வந்துகொண்டிருந்தபோது நாலு என்றும் வந்து சேர்ந்த பிறகு ஒன்றுமில்லை என்றும் சொல்கிற கருவி உண்மையைத்தான் சொல்கிறது என்று பதிவு செய்யச் சொன்னார். நூற்றுப் பதினேழும் அதோடு உண்மையாயிற்று.

தீர்ப்பு அந்த மாதமே வந்தது. கொடுக்காப்பட்டிக்கு வருவதாகச் சொன்ன ஒன்று வந்து சேர்ந்ததில் மலைக்கு அடுத்தது அதுதான். சொர்ணவேல் ஜெயிலுக்குப் போனார். புதிதாக முளைத்த மலையைப் பார்க்க வண்டிகளெல்லாம் நின்று நின்று போனதால், நெடுஞ்சாலைக்காரர்களே ஆள் அனுப்பி, காளிராசு விழுந்த இடத்தின்மேல் வெள்ளைக்கோடு போட்டுவிட்டுப் போனார்கள். இப்போதெல்லாம் ஊரில் யாராவது போனில் வந்துக்கிட்டே இருக்கேன் என்று சொன்னால், கேட்கிறவர்கள் நம்பி உலையை வைத்துவிடுகிறார்கள். அதனால் பலபேர் வேறு வழியில்லாமல் வரவேண்டியதாகிவிட்டது.

மாரிக்கண்ணு கேசைப்பற்றிக் கேட்பதை விட்டுவிட்டாள். டீ வைப்பாள், பேசாமல் நிற்பாள். கேட்க ஒன்று இருந்தவரைக்கும் அவள் தெம்பாக இருந்தாள் என்று சந்தியாகுவுக்குத் தோன்றியது.

கோடு போட்ட மறுவாரம், விடியற்காலை, பால் வருகிற நேரம், சந்தியாகு வழக்கம்போல எட்டுகளைப் பார்த்து, பெஞ்சில் கவையைத் தட்டி, ஐம்பத்தைந்துக்குத் தலையாட்டிவிட்டு, எதிரே நின்ற மலையைக் குறிபார்த்தார். ஒன்றும் காட்டவில்லை. கை அசந்துபோய் ரேடார் கொஞ்சம் தாழ்ந்தது. நாலு என்று காட்டியது. மலைக்கு உயர்த்தினார், ஒன்றும் இல்லை. ரோட்டுக்குத் தாழ்த்தினார், நாலு. ரோட்டில் ஆளும் இல்லை, மாடும் இல்லை. பனி ஈரம் காயாத வெள்ளைக்கோடு மட்டும் இருந்தது.

“என்னண்ணே, மறுபடியும் கெளம்பிருச்சா?” என்றாள் மாரிக்கண்ணு.

“மலை இல்லம்மா.”

“பின்ன?”

பொய் சொல்ல வராத மனிதர் அன்றும் பொய் சொல்லவில்லை. “ரோட்டுல. கோட்டு மேல. நாலு காட்டுது. இங்கிட்டுப் பாத்து” என்றார்.

மாரிக்கண்ணு கடையைவிட்டு இறங்கி ரோட்டோரம் வந்து நின்றாள். நெடுநேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். திருச்சி பஸ் ஒன்று கோட்டுக்கு முன்னால் நின்று, யாரும் கடக்காததைப் பார்த்துவிட்டு மெல்ல நகர்ந்து போனது. மலையைத் திட்டியதுபோல இப்போதும் திட்டப்போகிறாள் என்று சந்தியாகு காத்திருந்தார்.

அவள் திரும்பி வந்து அடுப்பைத் தூண்டிவிட்டு, பால் சட்டியை ஏற்றினாள்.

“இவரத் திட்ட மனசு வரலண்ணே” என்றாள். “மெதுவாவே வரட்டும். ரோட்டப் பாத்து வரட்டும்.”